பிறர் உழைப்பும் பிறவாத பண்டமும்

2015 ஏப்ரல் 23 அன்று, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம், தன்னுடைய ஸ்டீம் கடையில், பெதெஸ்டா வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ விளையாட்டுக்காக ரசிகர்கள் ஆக்கிவந்த மாட்களை விலைக்கு விற்பதற்கு ஒரு வழியைத் திறந்தது. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 27 அன்று, அதே வழியைத் தானே மூடி, வாங்கியவர்கள் அனைவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. இடைப்பட்ட நாட்களில் எழுந்த ஆட்சேபம் சாமானியமானதன்று. அத்திட்டத்தைக் கைவிடக் கோரிய மனு ஒன்றில் மட்டும் 1,30,000 பேருக்கு மேல் கையொப்பமிட்டார்கள். வால்வின் தலைவர் கேப் நியூவெல் இணையத்தில் ரசிகர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல முன்வந்தபோது, அந்த மாட்களால் வந்த மொத்த வருமானம் 10,000 டாலர் அளவே என்றும், வந்து குவிந்த மின்னஞ்சல்களைக் கவனித்துப் பதில் தருவதற்கு ஆகும் செலவோ பத்து லட்சம் டாலரைத் தொடும் என்றும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அந்தக் கோபத்தை, எதையும் இலவசமாகப் பெற்றுப் பழகியவர்களின் கூச்சல் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. அறுபது டாலர் கொடுத்து விளையாட்டை வாங்கி, அது சீராக ஓட வேண்டும் என்பதற்காக அதைப்போல் பன்மடங்கு விலையுள்ள கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியவர்களைப் பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் மனம் கொதித்ததற்குக் காரணம், தான் செய்யாத வேலைக்கு ஒரு வியாபாரி பெரும் பங்கு கேட்டது. சீசன் பாஸ் என்ற பெயரால், இன்னும் செய்யப்படாத பண்டத்துக்கு முன்கூட்டியே முழு விலையையும் வசூலிக்கும் வழக்கத்தின்மேல் அதே ரசிகர்களுக்குள்ள கசப்பும் இதனோடு ஒரே வேரில் கிளைத்தது என்பதே நான் இங்கே எடுத்துச் சொல்ல விரும்பும் விஷயம்.

மாட் என்றால் என்னவென்று, இவ்விளையாட்டுகளில் பழக்கமில்லாத வாசகர்களுக்கு முதலில் விளக்க வேண்டும். கணினி விளையாட்டு ஒன்றை வாங்கியவர், அதிலே தமக்குக் குறையாகப் பட்டதைத் திருத்தியோ, இல்லாததைச் சேர்த்தோ, சில வேளைகளில் அதையே மூலப்பொருளாகக் கொண்டு முற்றிலும் வேறான ஓர் உலகத்தை நிர்மாணித்தோ, அந்த ஆக்கத்தை மற்ற ரசிகர்களுக்கு வழங்கினால் அதற்கு மாட் என்று பெயர். இந்த வழக்கம் திருட்டுத்தனமாகப் புகுந்ததன்று. 1993இல் ‘டூம்’ விளையாட்டை உருவாக்கிய ஜான் கார்மாக், மூல நிரலைத் தொடாமலேயே ரசிகர்கள் தங்கள் சொந்த மாளிகைகளையும் சுரங்கங்களையும் அதில் அமைத்துக்கொள்ளட்டும் என்று கருதி, காட்சித் தரவுகளைத் தனிக் கோப்புகளில் பிரித்து வைத்தார். கதவு உள்ளிருந்தே திறந்து விடப்பட்டது. அந்தக் கதவின் வழியாக வந்தவர்களால் அதிகப் பயனடைந்த நிறுவனங்களுள் வால்வும் ஒன்று. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’, மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவர் 1999இல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டுக்குச் செய்த மாட். மறு ஆண்டே அதை வால்வ் விலைக்கு வாங்கியது. ‘டீம் ஃபோர்ட்ரெஸ்’ பிறந்தது ‘க்வேக்’ விளையாட்டின் மாட்டாக; ‘டோட்டா’ பிறந்தது ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டின் மாட்டாக. கூலி எதிர்பாராமல் இரவு பகலாக உழைத்த இளைஞர்களின் ஆர்வமே இந்தத் துறையின் பல பெரிய செல்வங்களுக்கு விதை என்பதை மறந்துவிட்டு, மாட் உலகத்தைப் பற்றி எவரும் பேச முடியாது.

‘ஸ்கைரிம்’ 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. தொலைக்காட்சியோடு இணைத்துத் தூர நின்று விளையாடும் கன்சோல்களை மனத்தில் வைத்தே அதன் திரையமைப்பு செய்யப்பட்டிருந்தது. கணினியின் முன் அமர்ந்து விசைப்பலகையும் மவுஸும் கொண்டு ஆடுகிறவருக்கு, தம் மூட்டையில் இருக்கும் வாள்களும் மருந்துகளும் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டு, ஒரு பார்வையில் சிலவே தெரிய, மற்றவற்றுக்காக உருட்டிக்கொண்டே போக வேண்டிய அவஸ்தை இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது ‘ஸ்கை யூஐ’ என்ற மாட். பொருளின் எடை இன்னது, விலை இன்னது, தாக்கும் வலிமை இன்னது என்று கணக்கப்பிள்ளையின் பேரேட்டைப்போல் பத்தி பத்தியாகப் பிரித்து, எந்தப் பத்தியின் தலைப்பைத் தொட்டாலும் அதன்படி வரிசைப்படுத்திக் கொடுத்த அந்த உபகாரத்தை அனுபவித்தவர்கள் பழைய திரைக்குத் திரும்பிப் போனதில்லை. இதற்கெல்லாம் மேலாக, வெளியீட்டாளர் சரிசெய்யாமல் விட்டுவிட்ட பிழைகளை – நடுவழியில் முடங்கிப்போகும் பணிகளை, தவறாக இயங்கும் மந்திரங்களை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பொருள்களை – நூற்றுக்கணக்கில் தேடித் திருத்திய ‘அதிகாரப்பூர்வமற்ற ஒட்டுத்திருத்தம்’ என்ற தொகுப்பையும் ரசிகர்களே செய்தார்கள். காசு வாங்கிக்கொண்டு பொருளை விற்றவர் ஒருவர். அந்தப் பொருளின் ஓட்டைகளை அடைத்தவர் காசு வாங்காத வேறொருவர். இந்த நிலையில், மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து, அந்த இரண்டாமவரின் உழைப்பிலும் முதலாமவருக்குப் பங்கு வேண்டும் என்று சொன்னால், கேட்பவர் மனம் எப்படிச் சும்மா இருக்கும்?

பங்கீட்டைப் பாருங்கள். மாட்டின் விலையைப் படைத்தவரே நிர்ணயிக்கலாம். ஆனால் வசூலாகும் தொகையில் அவருக்குச் சேர்வது 25 சதவீதம், கடை நடத்தும் வால்வுக்கு 30 சதவீதம், மூல விளையாட்டின் உரிமையாளரான பெதெஸ்டாவுக்கு 45 சதவீதம். படைத்தவரின் கணக்கில் நூறு டாலர் சேரும் வரையில் அவர் கைக்கு எதுவும் வராது. மூல விளையாட்டு இல்லாமல் மாட் இல்லை என்பது மெய்தான். ஆகவே உரிமையாளருக்கு ஒரு பங்கு உண்டு என்ற வாதத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாட்டும் மூல விளையாட்டை விலை கொடுத்து வாங்கியவரிடம்தான் போய்ச் சேருகிறது. அந்த மூலத்துக்குரிய விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டாயிற்று. மாட்களின் வளத்தால் அந்த விளையாட்டு ஆண்டுக் கணக்கில் மங்காமல் விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உரிமையாளர் அந்த உழைப்புக்குக் கைம்மாறு செய்யக் கடமைப்பட்டவரே தவிர, அதில் பாதியைக் கேட்கத் தகுந்தவர் அல்லர்.

வால்வின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’, ‘டோட்டா 2’ முதலிய தன் விளையாட்டுகளில், ரசிகர்கள் வரைந்து அனுப்பிய தொப்பிகளையும் ஆயுதங்களையும் விற்று, 2015 தொடக்கத்துக்குள் 1,500 பேருக்கு மேற்பட்டவர்களுக்கு 57 மில்லியன் டாலருக்கும் அதிகமாக அந்நிறுவனம் பகிர்ந்தளித்திருந்தது. அங்கே வெற்றி பெற்றது இங்கேயும் பெறும் என்று அவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அங்கே விற்றவை தனித்தனியே முழுமையடைந்த, நிறுவனமே பரிசோதித்து விளையாட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பொருள்கள். ‘ஸ்கைரிம்’ மாட்களோ ஒன்றையொன்று பற்றிப் படர்ந்து வளர்ந்தவை: ஒருவர் எழுதிய நிரலின்மேல் இன்னொருவர் திரையமைக்க, அதன்மேல் மற்றொருவர் புதுப் பணிகளைச் சேர்க்க, எவரும் எவரிடமும் பணம் கேட்காததால் எவரும் எவர் அனுமதியையும் அதிகம் வற்புறுத்தாமல், பரஸ்பர நம்பிக்கை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு எழுந்த கட்டடம் அது.

அந்தக் கட்டடத்தில் விலை என்ற ஒன்று புகுந்தவுடன் என்ன நேர்ந்தது என்பதற்கு முதல் நாளிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. விற்பனைக்கு வைக்கப்பட்டவற்றுள் மீன் பிடிக்கும் மாட் ஒன்று இருந்தது. தூண்டிலை வீசும் அசைவுக்காக, அந்த மாட் வேறொருவர் இலவசமாக வழங்கியிருந்த அசைவுத் தொகுப்பைச் சார்ந்திருந்தது. தம்முடைய ஆக்கம் விற்பனைப் பொருளுக்குப் பயன்படுவதற்குத் தாம் சம்மதம் தரவில்லை என்று அவர் ஆட்சேபித்தார். மீன் மாட் கடையிலிருந்து இறக்கப்பட்டது. முந்தைய வாரம் வரையில் ஒருவருக்கொருவர் நிரல் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அந்த வாரத்தில் உரிமைப் பத்திரம் கேட்பவர்களாக மாறிப்போனார்கள். ‘ஸ்கை யூஐ’யின் அடுத்த பதிப்பும் கட்டணத்துக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், அதை நம்பி எழுதப்பட்ட இலவச மாட்களின் கதி என்ன என்ற கலக்கம் உண்டாயிற்று. சிலர், தங்கள் ஆக்கங்களை எவரேனும் எடுத்து விற்றுவிடுவார்களோ என்று அஞ்சி, பொதுவில் வைத்திருந்தவற்றை மறைத்துக்கொண்டார்கள். இதில் படைப்பாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் தருகிறோம், நாளைக்கே கடை திறக்கிறோம் என்று ஒரு பெரிய நிறுவனம் வந்து நின்றால், வாடகை கொடுக்க வேண்டிய ஓர் இளைஞன் வேண்டாமென்று சொல்வதை எதிர்பார்ப்பது தர்மமாகாது.

வாங்கியவரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பிடிக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. மாட்களைப் பயன்படுத்தியவர் எவருக்கும் தெரியும், இரண்டு மாட்களுக்கிடையே உள்ள முரண்பாடு சேர்த்த அன்றைக்கே வெளிப்படுவதில்லை. முப்பது மணி நேரம் விளையாடிய பிறகு, சேமித்து வைத்த ஆட்டம் ஒரு மலைச்சரிவில் திறக்க மறுக்கும்போதுதான் தெரியவரும். மூல விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு, அதனால் மாட் முடங்கிப்போனால், அதைச் சீர்படுத்தும் பொறுப்பு கடைக்காரருக்கும் இல்லை, வெளியீட்டாளருக்கும் இல்லை. 25 சதவீதம் பெற்ற அந்தத் தனிமனிதரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்பதே வாங்கியவருக்குக் கிடைத்த உத்தரவாதம். லாபத்தில் முக்கால் பங்கு ஓரிடத்துக்கும், பொறுப்பு முழுவதும் மற்றோரிடத்துக்கும் போகும் ஏற்பாட்டை நியாயமான வியாபாரம் என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

மாட் செய்கிறவர்களுக்குப் பணம் கிடைக்கக் கூடாது என்பதா என் கட்சி? ஒருக்காலும் இல்லை. ஆஸ்திரேலியரான நிக் பியர்ஸ் ‘ஸ்கைரிம்’ விளையாட்டுக்காக 2015இல் செய்த ‘த ஃபர்காட்டன் சிட்டி’ என்ற மாட், அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதையே பெற்றது. அவர் பிற்பாடு அதனைத் தனி விளையாட்டாகத் திரும்ப எழுதி 2021இல் வெளியிட்டபோது, ரசிகர்கள் முகம் சுளிக்காமல் விலை கொடுத்து வாங்கினார்கள். நெக்ஸஸ் மாட்ஸ் தளம் 2018 முதல், பதிவிறக்கங்களின் அளவுக்கேற்ப மாட் ஆசிரியர்களுக்கு ஒரு நிதியிலிருந்து சன்மானம் பகிர்ந்து வருகிறது; ஆசிரியருக்கு நேரே நன்கொடை அனுப்பும் வழியும் அங்கே உண்டு. இவற்றின்மேல் எவரும் மனு எழுதவில்லை. பிரயாசைப்பட்டவனுக்குப் பிரதிபலன் போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் ரசிகனின் கை தாராளமாகவே நீளும்.

பெதெஸ்டா அந்த 2015ஆம் ஆண்டுப் பாடத்தை எவ்வளவு தூரம் கற்றது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2017இல் ‘கிரியேஷன் கிளப்’ என்ற பெயரில் கட்டண ஆக்கங்கள் திரும்பி வந்தன. 2023 டிசம்பரில் ‘கிரியேஷன்ஸ்’ என்ற பெயரில் வெளிப் படைப்பாளர்களும் விற்கக்கூடிய சந்தையாக அவை விரிந்தன. நிறுவனமே முன்னின்று படைப்பாளர்களைத் தேர்ந்து, ஆக்கத்தைப் பரிசோதிப்பது முன்னைவிட மேலான முறைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை டாலரில் சொல்லப்படாமல் ‘கிரெடிட்’ என்ற கற்பனை நாணயத்தில் சொல்லப்படுகிறது. 2024 ஜூனில் ‘ஸ்டார்ஃபீல்ட்’ விளையாட்டில் வேட்டைக்காரர் சங்கத்தின் முதல் பணியை இலவசமாகக் கொடுத்து, அதன் தொடர்ச்சியான ஒற்றைப் பணிக்கு 700 கிரெடிட், அதாவது ஏறத்தாழ ஏழு டாலர், கேட்டபோது ரசிகர்கள் ஸ்டீமில் கண்டன மதிப்புரைகளைக் குவித்தார்கள். அதே 2024இல், லண்டன் நகரைக் களமாகக் கொண்டு ஒரு பெருங்குழுவினர் பல்லாண்டு உழைத்து இலவசமாக வழங்கவிருந்த ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்ற மாட், ஏப்ரல் 23 அன்று வெளிவருவதாக இருந்தும், அதன் மூலமான ‘ஃபால்அவுட் 4’ விளையாட்டுக்கு அதே வாரத்தில் பெரிய புதுப்பிப்பு வரும் என்று பெதெஸ்டா அறிவித்ததால் தள்ளிவைக்கப்பட்டு, ஜூலையில்தான் வெளிவர முடிந்தது. எஜமானனின் ஒரு தட்டச்சில் பல்லாண்டு வேலை தடம் புரளக்கூடிய அளவுக்கு மாட் உலகம் பராதீனமானது. அந்தப் பராதீனத்துக்கு மேல் பங்கும் கேட்டால் பொறுப்பது கடினம்.

இனி சீசன் பாஸ். இதன் பூர்வோத்தரம் 2006 ஏப்ரலில், இதே பெதெஸ்டாவின் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில், குதிரைக்கு அணிவிக்கும் ஓர் ஆடம்பரக் கவசத்தை 200 மைக்ரோசாஃப்ட் பாயின்ட், அதாவது இரண்டரை டாலர், என்று விற்றதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு எழுந்த பரிகாசம் இன்றும் அடங்கவில்லை. ஆயினும் அந்தக் குதிரைக் கவசத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்: அது கண்ணுக்குத் தெரிந்த பண்டம். படத்தைப் பார்த்து, வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். 2011இல் ‘எல்.ஏ. நுவார்’ முதலிய விளையாட்டுகளோடு வந்த பாஸ் முறையில் அந்தச் சௌகரியமும் போயிற்று. வரப்போகும் கூடுதல் பகுதிகளான டிஎல்சிகள் அனைத்துக்கும் சேர்த்து இன்றே பணம் கட்டுங்கள், தனித்தனியே வாங்குவதைவிட மலிவு என்பது அதன் அழைப்பு. அந்த டிஎல்சிகள் எவை, எவ்வளவு நீளம், எப்போது வரும் என்ற கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் பிற்பாடுதான்.

‘ஃபால்அவுட் 4’ விளையாட்டின் பாஸ் 2015 செப்டம்பரில், விளையாட்டே வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 30 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. டிஎல்சியில் என்ன இருக்கும் என்பது தங்களுக்கே இன்னும் தெரியாது என்று அந்த அறிவிப்பிலேயே நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் விற்பவருக்கே தெரியாத பொருளுக்கு வாங்குபவர் எதை வைத்து விலை மதிப்பார்? 2016 மார்ச் 1 முதல் அதே பாஸ் 50 டாலராக உயர்ந்தது. முன்பே வாங்கியவர்களுக்குக் கூடுதல் செலவில்லை என்றார்கள், அதையும் காப்பாற்றினார்கள். ஆனால் அதனால் ரசிகர் உலகத்துக்குப் போதிக்கப்பட்ட பாடம் என்ன? யோசித்து, பொருளைப் பார்த்து, பிறர் அபிப்பிராயம் கேட்டு வாங்குகிறவனுக்கு 20 டாலர் அபராதம். கண்ணை மூடிக்கொண்டு முந்திக்கொள்கிறவனுக்குச் சலுகை. விவேகத்தைத் தண்டித்து அவசரத்தைப் போற்றும் இந்த விபரீதத்தை நான் சீசன் பாஸின் தலையாய குற்றமாகக் கருதுகிறேன்.

‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ இதைவிடக் கொடிய உதாரணம். 2015 ஜூன் 23 அன்று 40 டாலர் பாஸுடன் வெளிவந்த அதன் கணினிப் பதிப்பு, ஒழுங்காக ஓட மாட்டாத நிலையில் இருந்ததால், மறுநாளே விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மீண்டும் கடைக்கு வந்தது அக்டோபர் 28 அன்று. அப்போதும் குறைகள் தீராமையால், அந்த ஆண்டு முடியும் வரையில் கேட்டவர்க்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வெளியீட்டாளர் முன்வந்தார். விளையாட்டே நிற்க முடியாமல் தள்ளாடிய அந்த நான்கு மாதங்களிலும், அதன் எதிர்காலத்துக்காகக் கட்டப்பட்ட பணம் மட்டும் ரசிகர்களின் பையை விட்டுப் போயிருந்தது.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் பாஸ் செய்த தீங்கு இன்னொரு விதமானது. 2015 நவம்பரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட்’ 60 டாலர். அதன் பாஸ் 50 டாலர். பாஸ் வாங்கியவர்க்குப் புதிய களங்கள் திறந்தன. வாங்காதவர் பழைய களங்களிலேயே நின்றார். ஆக, சேர்ந்து ஆடிய நண்பர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். பணம் கொடுத்தவரும் புதிய களத்தில் எதிரணி சேருவதற்காகக் காத்துக் கிடந்தார். இதை உணர்ந்த வெளியீட்டாளர் 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாஸை ஒழித்துப் புதிய களங்களை அனைவருக்கும் பொதுவாக்கினார்; அந்த வருமானத்துக்கு ஈடாக, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத லூட் பாக்ஸ்களைப் புகுத்தினார். டார்த் வேடர் என்ற பாத்திரமாக ஆடுவதற்கு 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்மேல் மூண்ட கண்டனத்தால் அத்தொகை 15,000 ஆகக் குறைந்தது. விளையாட்டு வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்பு விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கும் வசதியே நிறுத்திவைக்கப்பட்டது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், வேறு சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதமானவை என்று தீர்மானித்தது.

சீசன் பாஸ், லூட் பாக்ஸ் இரண்டின் இடத்தையும் பிடித்துக்கொண்டதுதான் பேட்டில் பாஸ். ‘டோட்டா 2’ போட்டிகளுக்காக 2013இல் வெளியிடப்பட்ட கையேடு ஒன்றில் வேர்கொண்டு, 2017 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ தன் கற்பனை நாணயமான வி-பக்ஸ் 950 என்ற விலையில் விற்கத் தொடங்கிய பிறகு இது உலகெங்கும் பரவியது. இதில் அதிர்ஷ்டப் பரீட்சை இல்லை. என்னென்ன கிடைக்கும் என்பது முதலிலேயே தெரியும். அந்த மட்டில் இது முந்தியவற்றைவிட நேர்மையானது. ஆனால் பணம் கட்டினால் மட்டும் போதாது. குறித்த வாரங்களுக்குள் தினந்தோறும் வந்து ஆடி, படிப்படியாக ஏறினால்தான் கட்டிய பணத்துக்குரிய பொருள் கைக்கு வரும். கெடு கடந்தால், விலை கொடுத்தவருக்கே கதவு சாத்தப்படும். பரீட்சை வாரத்தில் படிக்க வேண்டிய மாணவன், கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற பதைப்பில் நள்ளிரவில் கைபேசியை எடுத்து அன்றைய பணிகளை முடிக்கிறான். அப்போது அவன் ஆடுவது விளையாட்டன்று, கடனடைக்கும் வேலை. கெடு வைப்பது தவிர்க்க முடியாதது என்று எவரேனும் சொன்னால், 2021இல் வந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’ காலாவதியாகாத பாஸ்களை விற்றது என்பதையும், 2024இல் வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ அதே முறையைக் கைக்கொண்டது என்பதையும் நினைவூட்டுவேன்.

நல்ல முறையில் விற்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பட்சபாதமாகும். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015இல் ‘த விட்சர் 3’ விளையாட்டை வெளியிட்டபோது, பிறர் காசாக்கியிருக்கக்கூடிய சிறு சிறு சேர்க்கைகள் 16-ஐ வாரந்தோறும் இலவசமாகவே கொடுத்தது. விலைக்கு விற்ற இரண்டு பெரிய விரிவுகளில் இரண்டாவதான ‘பிளட் அண்ட் வைன்’, புதியதொரு நாட்டையே ரசிகர்முன் விரித்தது. அதன் விலை 20 டாலர். அவர்களும் பாஸ் விற்றவர்கள்தாம். ஆனால் இரண்டு விரிவுகளின் பெயரும், ஒவ்வொன்றின் உத்தேச நீளமும், எதிர்பார்க்கும் காலமும் முன்கூட்டியே சொல்லி விற்றார்கள். வாக்குறுதிக்கு உருவம் இருந்தது. ரசிகர்களின் கோபம் டிஎல்சியின்மேலோ விலையின்மேலோ அன்று என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

வெகு காலத்துக்குப் பிறகு, 2024 நவம்பரில், ஸ்டீம் கடையே சீசன் பாஸுக்கு விதிகள் வகுத்தது: பாஸில் அடங்கும் டிஎல்சிகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் எதிர்பார்க்கப்படும் காலமும் விற்பனைப் பக்கத்தில் இருக்க வேண்டும்; வாக்களித்தது கைவிடப்பட்டால் அதன் மதிப்பை வாங்கியவர்க்குத் திருப்ப வேண்டும். பத்தாண்டுக்கு மேலாக ரசிகர்கள் தொண்டை கட்டும் அளவுக்குச் சொல்லிவந்தது இதைத்தான். சட்டமும் கடையின் நல்ல மனத்துக்காகக் காத்திராமல் சில இடங்களில் முன்வந்திருக்கிறது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், வாங்குகிறோம் என்ற நினைவே இல்லாமல் வாங்கச் செய்யும் பொத்தான் அமைப்புகளுக்காக, ‘ஃபோர்ட்நைட்’ நடத்தும் எபிக் நிறுவனத்தை 245 மில்லியன் டாலர் செலுத்த வைத்தது. ஐரோப்பிய நுகர்வோர் அதிகாரிகள் 2025 மார்ச்சில், விளையாட்டுக்குள் புழங்கும் கற்பனை நாணயத்தில் விலை சொல்லும்போது உண்மையான பணத்தில் அது எவ்வளவு என்பதையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும், தேவைக்கு மேல் நாணயம் வாங்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் கொள்கை வகுத்தார்கள்.

இந்தியாவில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தில் நுகர்வோரை மயக்கும் உத்திகளை 13 வகையாகப் பிரித்துத் தடை செய்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், விலையைத் துண்டு துண்டாக வெளியிடுவதும் அவற்றுள் அடங்கும். இந்நாட்டில் பொருளோ சேவையோ வழங்கும் எல்லாத் தளங்களுக்கும் அவை பொருந்தும். நம் வீடுகளில் யூசி, டைமண்ட் என்ற விளையாட்டு நாணயங்களுக்கு டாப்-அப் கேட்டு நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, அந்த நாணயம் ரூபாயில் எவ்வளவு, பாஸின் கெடு என்று முடிகிறது, முடிந்தால் கட்டிய பணத்தின் கதி என்ன என்பவை வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தமிழிலும் தெரியும்படி எழுதப்பட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிடுவதற்குப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை. கையிலிருக்கும் அந்த நெறிகளை விளையாட்டுக் கடைகளின்மேலும் செலுத்தினால் போதும். இவ்வாண்டே அதைத் தொடங்க வேண்டும் என்று கோருகிறேன்.